காயம் ஆற்ற வந்தவர்கள்

உன்னுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை இன்னும் துவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிவகாசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நீ கழற்றிப் போட்டுவிட்டுப் போனது, அப்படியே நாற்காலி முதுகில் கிடக்கிறது. அதன் பையில் கிழித்த பாக்குப் பொட்டலங்கள் இருக்கின்றன. பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிறதே, வாசனைப் பாக்கும் புகையிலையும் கலந்த அந்தப் பளபளப்புப் பொட்டலம்தான். இது எனக்குப் புதிதில்லை. பொங்கலுக்குப் பிறகு நீ வந்து போகிற வாரமெல்லாம் உன் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்து அடுப்பில் போட்டிருக்கிறேன். பிறகு சட்டையை அலசிக் காயப்போட்டு, இஸ்திரி போட்டு, மடித்தும் வைத்திருக்கிறேன். நீயும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவும் பிள்ளையும் எவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்திருக்கிறோம், பார்.

ஆவணியில் உனக்கும் கோமதிக்கும் கல்யாணம். நீ வேலை பார்க்கிற அச்சகத்திலேயே, உன் கையாலேயே, பத்திரிகை அடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாய். இந்த நேரத்தில் அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நேரில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் "வாரேம்மா" என்று செருப்பை மாட்டிவிடுவாய். அது உன் அப்பா உனக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து. அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்க வேண்டாம். உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் படிக்கட்டும், உன் அத்தை வந்தால் அவளும் படிக்கட்டும். நேற்று நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை நீ தெரிந்துகொள்ளும்போது உனக்குக் கோபம் வரும், வரவும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் உன் அப்பாவின் வாயைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். அவர் போனபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். அழத் தெரிந்த வயது, விவரம் கேட்கத் தெரியாத வயது. நாங்களாகவும் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அப்பா ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தார். எனக்கு இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடம் என்பதால் தினமும் பஸ்ஸில் போய் வந்தார். ஷிப்டு முடிந்து அவர் வீட்டுக்குள் நுழையும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். நீ அவர் மடியில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகப் பிடுங்குவாய். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அவர்மேல் வீசுகிற வாசனை, எண்ணெயும் பஞ்சும் வெற்றிலையும் கலந்து வருமே, அது இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. மறுபடி ஒரு தடவை அந்த வாசனை இந்த வாசலில் வராதா என்று ஏங்கியிருக்கிறேன். அந்த வாசனைதான் அவரைக் கொண்டுபோனது என்று தெரிந்த பிறகும் ஏங்கியிருக்கிறேன். மனசுக்கு அறிவியல் பாடம் நடத்த முடியவில்லை.

அவர் பீடி சிகரெட் தொட்டதே இல்லை. அதில் அவருக்கு எம்புட்டுப் பெருமை தெரியுமா? "நம்ம கிட்ட ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, டீச்சரு" என்று என்னைப் பார்த்து மீசையைத் தடவுவார். மில்லுக்குள்ளே பீடி கூடாது என்பதுதான் உண்மை. எங்கே பார்த்தாலும் பஞ்சு பறக்கிற இடம், ஒரு பொறி பட்டால் போதும். அதனால் பீடிக்காரர்கள்கூட உள்ளே போனால் புகையிலைக்கு மாறிவிடுவார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை, எல்லாவற்றையும் சுருட்டி இடது கன்னத்துக்குள் அதக்கிக்கொண்டால் பஞ்சுத் தூசிக்குத் தொண்டை வறளாது, கண்ணும் சொருகாது. நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் ஓடுகிற சத்தத்தில் பேசவும் முடியாதே, வாய்க்கு வேறு என்ன வேலை? அதை யாரும் பழக்கம் என்றே நினைக்கவில்லை. தீ பிடிக்காமல் இருக்கச் செய்த நல்ல காரியம் என்றுதான் நினைத்தார்கள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உன் அப்பா சீட்டியடித்துத்தான் உன்னைக் கூப்பிடுவார். நீ தெருக்கோடியில் விளையாடிக்கொண்டிருப்பாய், அவர் வாசலில் நின்று ஒரு சீட்டி அடித்தால் உன்னோடு சேர்ந்து இரண்டு நாய்களும் ஓடி வரும். எப்போது அந்தச் சீட்டி நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்துப் பார்த்தாலும் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அவர் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். பையன் வளர்ந்துவிட்டான், மரியாதை கொடுக்கிறார் என்று நான் கேலிகூடச் செய்தேன். அவரும் சிரித்தார். சிரிப்பும் முன்னைப்போல விரிந்து வரவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

ஒரு வைகாசியில் பிளவக்கல் அணைக்கு எல்லோரும் போனோமே, அது நன்றாக நினைவிருக்கும் உனக்கு. மில்லில் அப்பாவோடு வேலை பார்த்த முருகேசன் அண்ணன் குடும்பம், உன் அத்தை குடும்பம், நாம். புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். அண்ணன் ராஜபாளையத்திலிருந்து ஒரு கூடை சப்பட்டை மாம்பழம் கொண்டுவந்திருந்தார். கோடை மழையில் தண்ணீர் நிறையக் கிடந்தது, மலை மேலே மேகம் இறங்கியிருந்தது, நீயும் அத்தை பிள்ளைகளும் கரையில் ஈர மண்ணில் கோட்டை கட்டினீர்கள். அப்பா ஒரு மாம்பழத்தை எடுத்துக் கடிக்கப் பார்த்தார், முடியவில்லை. பழம் வாய்க்குள் போகவில்லை. இன்னொரு பக்கமாகத் திருப்பி முயன்றார். உன் அத்தைதான் பார்த்தாள். "என்ன அண்ணே, வாய் எலி வளை மாதிரி ஆயிப்போச்சு? கொண்டா இங்க" என்று பிடுங்கி, கீற்று கீற்றாக அறுத்து அவர் வாயில் வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றார். அதைவிடச் சந்தோஷமான ஒரு நாள் எனக்கு ஞாபகத்தில் இல்லை. இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இல்லை, அன்றைக்கு நாங்கள் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அந்தக் கீற்று மாம்பழத்தோடு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எல்லோரும் அவருக்கு எல்லாவற்றையும் கீற்றாக அறுத்துக் கொடுத்தோம். தோசையைப் பிய்த்து வைத்தேன். சோற்றைக் குழைய வடித்தேன். குழம்பு எரிகிறது என்றார், மிளகாயைக் குறைத்தேன். பிறகும் எரிகிறது என்றார், இன்னும் குறைத்தேன். நீ "என்னம்மா, பத்தியக் குழம்பா?" என்று முகத்தைச் சுளிப்பாய், நான் உன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவேன். மில்லில் முருகேசன் அண்ணன் அவருக்காகப் பாக்கைப் பொடியாகச் சீவிக் கொடுத்தார். பல்வலியாக இருக்கும் என்று அத்தை கிராம்புத் தைலம் கொண்டுவந்தாள். அவரைச் சுற்றியிருந்த ஒருவர்கூட அவருக்குக் கெட்டது நினைக்கவில்லை. அவர் வாய் மூடிக்கொண்டே வந்தது, நாங்கள் அதற்குத் தோதாகக் கவளத்தைச் சின்னதாக்கிக்கொண்டே வந்தோம்.

கன்னத்துக்குள் ஆறாத புண் என்று மதுரைக்குப் போனபோது டாக்டர் அவரை வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரலுக்கு மேல் உள்ளே போகவில்லை. "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். கூடவே குடியிருக்கிறவளுக்குத் தெரியவில்லை. கன்னத்து உள்தோலுக்கு அடியில் தினமும் பாக்கும் புகையிலையும் உறுத்திக்கொண்டே இருக்கின்றன, அங்கே உள்ள செல்கள் அதைக் காயம் என்று நினைத்து நார் நாராகத் தழும்பு போட்டுக்கொண்டே இருக்கின்றன, அதுதான் வாய் இறுகிவிட்டது என்றார். தினமும் ஒரு காயம், தினமும் ஒரு கட்டு. அந்த இறுகிய தோலின் மேல்தான் புண் வந்திருந்தது. அதில் துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வாங்கப் போன அன்று எனக்கு ஒரு கிறுக்குத்தனம் தோன்றியது. பரிசோதனை செய்த டாக்டர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். "நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அந்த ஸ்லைடை நான் ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அழ வேண்டிய நேரத்தில் இவள் ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பார். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததெல்லாம் வெங்காயத் தோல்தான். செங்கல் அடுக்கியது போல ஒழுங்காக இருக்கும். இது அப்படி இல்லை. ரோஸ் நிறத்தில் பரந்து கிடந்தது, அதற்குள்ளே அங்கங்கே ஊதா நிறத்தில் கூட்டம் கூட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. "அதுதான் கேன்சர்" என்றார். அந்தக் கூட்டங்களைச் சுற்றி மெலிந்து நீண்ட செல்கள் வளைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன. "இவங்க யாரு, டாக்டர்?" என்று கேட்டேன். ஆட்களைக் கேட்பது போலக் கேட்டுவிட்டேன்.

"இவங்க கேன்சர் இல்லை" என்றார். "காயம் ஆத்துறவங்க. உங்க கை வெட்டுப்பட்டா ஓடி வந்து நார் போட்டு மூடுறது இவங்கதான்."

"அப்போ நல்லதுதானே? சுத்திச் சுவர் கட்டுறாங்க."

"சுவர்னுதான் நாங்களும் நினைச்சுக்கிட்டிருந்தோம். இப்போ சில பேர் அப்படித்தானான்னு கேட்க ஆரம்பிச்சிருக்காங்க. காயம்பட்ட இடத்துல இவங்க வேலை என்ன? புது செல்லை வளர விடணும். ரத்தக்குழாயை வரவழைக்கணும். செல்லுங்க நகர்ந்து வந்து மூடுறதுக்கு வழி விடணும். கேன்சருக்கும் அதேதானே வேணும்?" அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து ஸ்லைடை எடுத்தார். "அவங்களுக்கு அது கேன்சர்னு தெரியாது, டீச்சர். ஆறாத காயம்னு நினைச்சு உதவி பண்ணிக்கிட்டே இருக்காங்க."

அன்றைக்கு நான் அதைப் பாடமாகத்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவுக்குக் குழைந்த சோறு ஊட்டும்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்தது ஆஸ்பத்திரியில். கன்னத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நெஞ்சிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். பேச்சு குழறியது. ஆனாலும் பிழைத்துவிட்டார் என்று நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம். ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவர் முருகேசன் அண்ணன். ஷிப்டை மாற்றிக்கொண்டு வாரம் தவறாமல் மதுரைக்கு வந்து, அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுப் போவார். ஒரு நாள் நான் வெந்நீர் வாங்கப் போய்த் திரும்பி வரும்போது, அவர் உன் அப்பாவின் தலையணைக்கு அடியில் எதையோ செருகிக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். புகையிலைப் பொட்டலம்.

"தங்கச்சி, கோவிச்சுக்கிடாத. அவன் கண்ணாலயே கேக்கான். பாக்கச் சகிக்கல. செத்த நேரம் தைக்காத பக்கமா அதக்கி வச்சிருந்துட்டுத் துப்பிருவான்" என்றார்.

நான் அந்தப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக விட்டெறிந்தேன். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "ரத்தமும் குடுத்து விசமும் குடுக்கீகளா அண்ணே?" என்று கேட்டேன். அவ்வளவு பெரிய மனிதர், மீசைக்காரர், சுவரோரமாகத் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். உன் அப்பா தைத்த வாயோடு, கையை மட்டும் தூக்கி, அவரை ஒன்றும் சொல்லாதே என்று எனக்கு ஜாடை காட்டினார். அந்த நிமிஷம்தான் எனக்கு அந்த ஸ்லைடு நினைவுக்கு வந்தது. எனக்கு அண்ணன்மேல் இருந்த ஆத்திரம் அப்படியே வடிந்துபோய், ஒருவிதப் பயம் வந்தது. ஏனென்றால் அவருக்கும் எனக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அவர் பொட்டலம் கொண்டுவந்தார், நான் மிளகாயைக் குறைத்தேன். இரண்டு பேருமே அவருக்கு நோகக்கூடாது என்றுதான் நினைத்தோம்.

ஒரு வருஷம் நன்றாக இருந்தார். அந்த ஒரு வருஷத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆடிப்பூரத் தேருக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போய் வடத்தைப் பிடிக்க வைத்தாரே, அது அந்த வருஷம்தான். நீ உள்ளங்கை சிவந்துபோய் வந்து எல்லோருக்கும் காட்டினாய். பால்கோவாவை வெந்நீரில் கரைத்துக் குடித்தாரே, அதைப் பார்த்து நீ சிரித்தாயே, அதுவும் அப்போதுதான். பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், அதை நான் எழுதப்போவதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால், எங்கள் பள்ளிக்கூடத்து ஆயாவின் நாக்கில் புண் என்று மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே டாக்டர் அம்மாவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. "ஸ்லைடு கேட்ட டீச்சர்தானே?" என்றார். நானும் விடாமல், அன்றைக்குச் சொன்னீர்களே, அந்தக் காயம் ஆற்றுகிறவர்கள், அவர்கள் கதை என்ன ஆனது என்று கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்போது அதைப் பற்றி நிறையப் பேர் ஆராய்கிறார்கள் என்றார். கேன்சர் செல் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு விடாமல் சேதி அனுப்புகிறதாம், அதைக் கேட்டுக் கேட்டு அவை குணம் மாறிப்போகின்றனவாம். நாரை இழுத்து இறுக்கி நேராக்கி, கேன்சர் ஊர்ந்து போகப் பாதை மாதிரி ஆக்கிவிடுகின்றனவாம். கேன்சரை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களில் சிலவும் சமாதானமாகி உட்கார்ந்துவிடுகின்றனவாம். "எல்லாமே கெட்டுப்போறதில்லை, டீச்சர். சிலது கடைசி வரைக்கும் தடுத்தும் நிக்கும். எது எப்போ கட்சி மாறுதுங்கிறதுதான் இன்னும் சரியாப் பிடிபடலை. ஒரே அளவு கட்டி ரெண்டு பேருக்கு இருக்கும். ஒருத்தருக்கு அங்கேயே நிக்கும், இன்னொருத்தருக்குக் கழுத்துக்கு இறங்கிடும். கட்டியை மட்டும் பார்த்தா காரணம் தெரியாது. அக்கம்பக்கத்தையும் பார்க்கணும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். செல்லை மனிதனாகப் பார்ப்பது வாத்தியார் புத்தி, அது எனக்குத் தெரியும். பரீட்சையில் யாராவது அப்படி எழுதினால் நானே மார்க்கைக் குறைப்பேன். உன் அப்பாவுக்கு நோய் வந்தது பாக்காலும் புகையிலையாலும்தான், என் குழம்பால் இல்லை. ஆனால் அந்த நோய் இடைஞ்சல் இல்லாமல் வளர்வதற்கு எங்களில் எவ்வளவு பேர் இடம் ஒதுக்கிக் கொடுத்தோம்! ஒருவராவது வழியை மறித்து நின்று, "வாயைத் திற, என்ன ஆச்சு உனக்கு?" என்று ஒரு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. டாக்டரும் அதற்குப் பதில் சொல்ல மாட்டார், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னுடைய பொட்டலத்தைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். சித்திரையில் உன் அத்தையிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "தீபாவளி காலண்டர் சீசன்ல ராத்திரி பகலா மெசின் ஓட்டுதான்லா, தூக்கத்துக்குப் போடுதான். கல்யாணம் ஆனா தானா விட்டுருவான். பொண்ணு வீட்டுல மட்டும் வாயத் தொறந்துராதீக மதினி" என்றாள். உன் சிநேகிதர்களுக்குத் தெரியும். உனக்குக் கடனாகப் பொட்டலம் கொடுக்கிற கடைக்காரருக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது உன் அப்பா எப்படிப் போனார் என்று கோமதியின் அம்மா கேட்டதற்கு, உன் அத்தை கண்ணிமைக்காமல் நெஞ்சுவலி என்று சொன்னாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். நம் பக்கத்தில் பெண் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் அப்படித்தானே செய்கிறோம்? வாழப் போகிற பெண் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்.

போன சனிக்கிழமை ராத்திரி புளிக்குழம்பை ஒதுக்கிவிட்டு, "எரியுதும்மா, மோர் ஊத்து" என்றாய். நான் மோர் ஊற்றினேன். மறுநாள் காலையில் சட்னிக்கு மிளகாய் கிள்ளிப் போட்டேன். போட்டுவிட்டு, பையனுக்கு எரியுமே என்று இரண்டைத் திரும்ப எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. சட்டியில் எண்ணெய் புகைகிறது, நான் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதே கை, அதே வேலை. உன் அப்பாவுக்குச் செய்தது போலவே உனக்கும் செய்ய ஆரம்பித்துவிட்டது. எடுத்த மிளகாயைத் திரும்பப் போட்டேன். அதற்குள் நீ குளித்துவிட்டு வந்து, சாப்பிட நேரமில்லை என்று ஓடிவிட்டாய்.

நேற்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ராஜபாளையம் போனேன். ஆமாம், கோமதி வீட்டுக்குத்தான். போகும் வழியெல்லாம் உன் கல்யாணத்தை நானே கெடுக்கப் போகிறேனோ என்று பயந்தேன். மில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டபோது திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பேண்டேஜ் துணிக் கம்பெனியிலிருந்து கோமதி வருகிற வரைக்கும் காபியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் வந்ததும், அவளையும் அவள் அப்பா அம்மாவையும் உட்கார வைத்து, உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி இல்லை, வாயில் கேன்சர் என்று சொன்னேன். உன் பொட்டலத்தைச் சொன்னேன். உனக்கு இப்போது காரம் எரிகிறது என்பதையும் சொன்னேன்.

முதலில் பேசியது கோமதியின் அம்மாதான். "பத்திரிகை எல்லாம் அடிச்ச பொறவு இத ஏன் வந்து சொல்லுதீக? சம்பந்தம் வேண்டாம்னு சுத்தி வளைச்சுச் சொல்ல வந்தீகளா?" என்று கேட்டார். "வேணும்னுதாம்மா சொல்லுதேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். உன் மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி எழுந்து உள்ளே போனாள். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவிய கிட்டச் சொல்லிட்டா வந்தீக, அத்தை?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி, இனிமே சொல்லுங்க. வெள்ளிக்கிழம காலைல நானும் அப்பாவும் மதுரை பஸ்ல வாரோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி நிப்போம். அவிய வந்தா மூணு பேருமா டாக்டர் கிட்டப் போயி வாயக் காட்டிட்டு வருவோம். என்னன்னாலும் நான் கேட்டுக்கிடுதேன். இருந்தாப் பாத்துக்கிடலாம், இல்லைன்னா அன்னைக்கே அந்தச் சனியன விட்டுட்டு வரணும்."

"வரலைன்னா?" என்று அவள் அப்பா கேட்டார். அவர் பேசியது அந்த ஒன்றுதான்.

"வரலைன்னா அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்கு வந்துருவோம்ப்பா. பொறவு கல்யாணப் பேச்சு வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் சொன்னதைச் செய்வாள் என்று எனக்குத் தெரிந்தது.

நானும் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். "நீங்க வர வேண்டாம் அத்தை. நீங்க வந்தா அவிய உங்க மொகத்துக்காக வருவாக. டாக்டர் ஏதாவது சொன்னா நீங்கதான் முன்னாடி நின்னு பதில் சொல்லுவீக" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்து, தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டாள். எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, உனக்கு இப்படி ஒருத்தி கிடைத்திருக்கிறாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தைப் போய்ச் சொன்னதற்கு நீ என்னிடம் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. நான் தாங்கிக்கொள்வேன். உன் சட்டை இந்த நாற்காலியிலேயே கிடக்கட்டும், நீ வந்து துவைத்துக்கொள். பயமாக இருக்கிறது என்றால் அதைக் கோமதியிடம் சொல், அவள் சிரிக்க மாட்டாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வெறும் வாய்ப்புண்ணாக இருக்கலாம், ஆரம்ப இறுக்கமாக இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நீ காட்டினால்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு வகுப்பு இருக்கிறது. நீ வந்தாயா இல்லையா என்று சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தெரியாது, கோமதி அப்படித்தான் ஏற்பாடு செய்திருக்கிறாள். எனக்காக வந்துவிடாதே, ராசா. ஆனால் வந்துவிடு.

அம்மா